கூண்டு வண்டியும் கடலோரக் காடும்

ரயில் வருவதற்கு முந்திய காலத்தில் நம் பெரியோர்கள் ராமேசுவரத்துக்கும் திருப்பதிக்கும் எப்படிப் போய் வந்தார்கள் என்பதைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மாட்டு வண்டிக்குக் கூண்டு கட்டுவார்கள். உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரிப்பார்கள். அரிசி மூட்டை, புளிக்காய்ச்சல் ஜாடி, வெண்கலப் பானை, தாம்புக் கயிறு எல்லாம் ஏறும். சாயங்காலமானால் ஏதாவது ஒரு குளக்கரையில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுவார்கள். இரவு வண்டியிலேயே படுக்கை. வீடும் வண்டியும் ஒன்றாகவே இருந்தபடியால் வழிச் செலவு மிகவும் சொற்பம்.

இந்தக் கூண்டு வண்டிப் பிரயாணத்தை அமெரிக்க ஜனங்கள் இன்றும் மோட்டாரில் நடத்தி வருகிறார்கள். அவ்விதமான வண்டிகளை 'ஆர்.வி.' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். அவற்றில் பல ரகம் உண்டு. சில, நம் ஊர் பஸ்ஸைவிடப் பெரியவை. கட்டில், சமையலறை, ஸ்நான அறை, டெலிவிஷன் யாவும் அவற்றில் அடக்கம். மாளிகைக்குச் சக்கரம் பூட்டியது போலிருக்கும். ஒரு கேலன் பெட்ரோலைக் குடித்துவிட்டு எட்டு, பத்து மைல் தூரமே ஓடும். அந்த மாளிகைகளைப் பற்றி எழுதுவது நமது உத்தேசமன்று. ஒரு நடுத்தரக் குடும்பம், பழைய வான் வண்டி ஒன்றில் பலகையை அடித்துப் படுக்கையாக்கிக்கொண்டு, அதிகச் செலவில்லாமல் ஐந்தாறு நாள் காட்டிலும் கடலோரத்திலும் தங்கி வருவது எப்படி என்பதையே சொல்ல வந்தோம். அதைச் சொல்லும்போது, அந்தச் செலவு ஏன் குறைவாக இருக்கிறது என்ற விஷயமும் சேர்ந்து வரும். பிரயாணத்தில் நாம் கற்றுக்கொண்டவற்றில் முக்கியமானது அதுதான்.

நாம் சென்ற இடம் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஓரிகன் மாநிலம். வடக்கே வாஷிங்டன் மாநிலமும் தெற்கே கலிபோர்னியாவும் அதற்கு எல்லை. மேற்கே பசிபிக் மகா சமுத்திரம். கரையை ஒட்டி 101 என்ற எண்ணுள்ள நெடுஞ்சாலை 363 மைல் தூரம் செல்கிறது. அதன் ஒரு பக்கம் அலை. மறு பக்கம் ஆகாயத்தை மறைக்கும் காடு. பல இடங்களில் காடு மலையிலிருந்து இறங்கி வந்து, சமுத்திரத்தின் விளிம்பில்தான் நிற்கிறது.

கோஷ்டியும் வண்டியும்

நமது கோஷ்டியில் ஐந்து பேர். போர்ட்லண்டு நகருக்கு அருகே வாழும் நண்பர் ஒருவர், அவருடைய மனைவி, எட்டு வயதுப் பெண் குழந்தை, திருநெல்வேலியிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்த நண்பரின் தாயார், பிறகு நாம். அந்தப் பக்கத்தில் தொழில் நிமித்தம் குடியேறிய தமிழர்கள் அநேகர். ஆகையால் வெண்டைக்காய், கறிவேப்பிலை, இட்லி அரிசி ஒன்றுக்கும் பஞ்சமில்லை. மூதாட்டியார் ஒரு டப்பா நிறையப் புளிக்காய்ச்சலும், இன்னொன்றில் பருப்புப் பொடியும், மூன்றாவதில் முறுக்கும் தயார் செய்து வைத்துவிட்டார். "ஊர் விட்டு ஊர் போகும்போது இவை மூன்றும் இருந்தால் யார் தயவும் வேண்டாம்" என்பது அவருடைய சித்தாந்தம்.

வண்டிக்குள் மூவர் படுக்கலாம். நண்பரும் நாமும் பக்கத்தில் ஒரு சிறு கூடாரம் அடித்துக்கொள்வதென்று ஏற்பாடு. செப்டம்பர் மாதத்தின் இரண்டாவது வாரத்தில் கிளம்பினோம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை அங்கே தொழிலாளர் தினம். அதோடு கோடை விடுமுறைக் கூட்டம் கலைந்துவிடுகிறது. ஆனால் வெயில் கலைவதில்லை. கோடை நடுவில் முகாம்களில் இடம் வேண்டுமானால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். செப்டம்பரில், அதுவும் வாரத்தின் நடு நாட்களில், சுலபமாகக் கிடைக்கும்.

தங்கும் இடங்களை மூன்று வகையாகச் சொல்லலாம். தனியார் நடத்தும் முகாம்களில் சௌகரியமும் அதிகம், வாடகையும் அதிகம். மாநில சர்க்காரின் பூங்கா முகாம்களில் மின்சாரம், தண்ணீர், சில இடங்களில் சாக்கடைக் குழாய்கூட வண்டிக்கு இணைத்துக்கொள்ளலாம். வெந்நீர் ஸ்நானத்துக்கும் வசதி உண்டு. மத்திய சர்க்காரின் வன இலாகா முகாம்களில் பெரும்பாலும் மின்சாரம் கிடையாது. குடிதண்ணீர்க் குழாயும், கழிப்பிடமும், நெருப்பு மூட்ட இரும்பு வளையமும், ஒரு மர மேஜையும்தான். பின்னிரண்டு வகை முகாமிலும் ஓர் இரவுக்குக் கொடுக்கும் தொகை, அதே கரையிலுள்ள ஓட்டல் அறைக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்கே. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் காசு கொடுக்காமலே வண்டியை நிறுத்திக் கண்ணயரலாம். ஆனால் 24 மணி நேரத்தில் 12 மணிக்கு மேல் தங்கலாகாது, கூடாரமும் அடிக்கலாகாது. கூட்டத்தைத் தவிர்க்கும் நாளில் கிளம்பி, சர்க்கார் முகாமில் தங்கி, கையால் சமைத்துச் சாப்பிட்டால், வழியில் பெட்ரோல் ஒன்றுதான் பெரிய செலவு.

கடற்கரை யாருடையது?

போர்ட்லண்டிலிருந்து மேற்கே சுமார் 80 மைல் சென்றதும் கானன் பீச் என்ற ஊரில் சமுத்திரம் தென்பட்டது. விசாலமான மணற்பரப்பு. கரைக்கு அருகே 235 அடி உயரத்தில் ஒரு கரும்பாறை, வைக்கோற்போர் போலத் தன்னந்தனியாக நிற்கிறது. அதன் பெயரும் வைக்கோற்போர்ப் பாறை என்றே பொருள்படும்.

கரையோரத்தில் அழகான விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் முன்னால் நண்பரின் தாயார் தயங்கி நின்றார்.

"இது இந்த ஓட்டல்காரருடைய மணல் இல்லையா? போகலாமா?" என்று கேட்டார்.

"தாராளமாகப் போகலாம், அம்மா. ஓரிகனில் எந்த ஓட்டல்காரரும் மணலில் போகாதே என்று சொல்ல முடியாது" என்றார் நண்பர்.

அப்படிச் சொல்ல முடியாமற் போனதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1913ஆம் ஆண்டில் ஓஸ்வால்ட் வெஸ்ட் என்பவர் அந்த மாநிலத்தின் கவர்னர். அப்போது கரையோரத்தில் ஒழுங்கான சாலை கிடையாது. அலை வாங்கிய பிறகு இறுகிக் கிடக்கும் ஈர மணல்தான் ஜனங்களுக்குச் சாலை. கவர்னர் ஒரு யுக்தி செய்தார். கரை முழுவதையும் பொது ரஸ்தாவாக அறிவிக்கும்படி ஒரு சட்டம் கொண்டு வந்தார். ரஸ்தாவை யார் விலைக்கு வாங்க முடியும்? அந்த ஒரே சொல்லினால், அலை நனைக்கும் மணல் முழுவதும் தனியார் கைக்குப் போகாமல் தப்பியது.

ஆனால் அலை நனைக்காத உலர்ந்த மணலைப் பற்றி அந்தச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. 1966ஆம் ஆண்டில், இதே கானன் பீச்சில், விடுதி உரிமையாளர் ஒருவர் தம் விடுதிக்கு முன்னாலிருந்த உலர்ந்த மணலை அடைத்து, தம்மிடம் தங்குகிறவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிக்கொண்டார். அடைப்பு சிறியதுதான். ஆனால் அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு வேலி போட்டால் கடற்கரை என்ன ஆகும் என்று ஜனங்கள் விழித்துக்கொண்டார்கள். புதிய சட்டம் ஒன்று சட்டசபையில் முடங்கிக் கிடந்தது. அப்போது கவர்னராக இருந்த டாம் மக்கால் 1967 மே மாதம் ஹெலிகாப்டரில் நில அளவைக்காரர்களை அழைத்துக்கொண்டு கடற்கரையில் வந்து இறங்கினார். பொதுமக்கள் பாத்தியதை எதுவரை என்பதை மணலில் அளந்து காட்டினார். பத்திரிகைகளில் படங்கள் வெளியாயின. ஜூலை 6ந் தேதி சட்டம் கையெழுத்தாயிற்று. புல் பூண்டு முளைக்கும் வரம்பு வரையில் மணற்பரப்பு முழுவதையும் எவரும் தடையின்றி அனுபவிக்கலாம் என்பது அதன் சாரம்.

வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. 1969இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் ஜனங்களின் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. அதற்கு அவர்கள் கூறிய காரணம் நம்மவர்களுக்கு எளிதில் விளங்கக்கூடியது. நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு ஜனங்கள் ஓரிடத்தைத் தடையில்லாமல் அனுபவித்து வந்தால், அந்த வழக்கமே ஒரு பாத்தியதை ஆகிவிடும் என்பது பழைய சட்டக் கொள்கை. நம் கிராமங்களில் வண்டிப்பாதைக்கும் மேய்ச்சல் தரைக்கும் பெரியவர்கள் 'மாமூல் பாத்தியதை' என்று வாதாடுவார்களே, அதே சங்கதிதான். இங்கிலாந்தின் பழைய வழக்காற்றிலிருந்து எடுத்த அந்தக் கொள்கை, பசிபிக் கரையில் ஓட்டல் வேலியை அப்புறப்படுத்தியது.

மணலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். பக்கத்து விடுதியில் ஓர் இரவுக்குப் பெருந்தொகை கொடுத்துத் தங்கியிருந்தவர்களும் அதே மணலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். சமுத்திரம் இரு சாராருக்கும் ஒரே மாதிரியாகத்தான் காட்சி கொடுத்தது.

மரத்தின் மடியில் மரம்

அங்கிருந்து தெற்கே நூறு மைலுக்கு மேல் சென்று, யாஹாட்ஸ் என்ற சிற்றூரைத் தாண்டி, பெர்பெச்சுவா முனை என்னும் இடத்தில் வன இலாகா முகாமில் வண்டியை நிறுத்தினோம். 1778ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆங்கில மாலுமி காப்டன் குக் கடலிலிருந்து இந்த மலைமுனையைக் கண்டு, ஒரு கிறிஸ்தவப் பெண் புனிதரின் பெயரை இதற்கு இட்டார். முகாம் ஓர் ஓடைக்கரையில் இருக்கிறது. மின்சாரம் இல்லை. இருட்டியதும் உண்மையான இருட்டு. ஓடையின் சலசலப்பும் தூரத்துச் சமுத்திரத்தின் முழக்கமும் சேர்ந்து இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தன.

காலையில் ஓடை ஓரமாக நடந்தோம். அந்தக் காட்டைப் பச்சை என்று மட்டும் சொன்னால் போதாது. தரையில் ஆள் இடுப்பளவு பெரணிச் செடிகள். கிளைகளில் தாடிபோல் தொங்கும் பாசி. பாறை, வேர், விழுந்த கட்டை எல்லாவற்றின் மேலும் வெல்வெட்டு விரித்தாற்போல் பசுமை. காரணம், கடலிலிருந்து வரும் ஈரக் காற்று மலைச்சரிவில் மோதி மழையாக இறங்குவதும், மழையில்லாத கோடையிலும் மூடுபனி மரங்களை நனைத்துக்கொண்டிருப்பதும்தான். மஞ்சள் வாழைப்பழம் போன்ற ஒரு பிராணி வழியின் குறுக்கே ஊர்ந்துகொண்டிருந்தது. ஓடில்லாத நத்தை. அதற்கு அங்கே வாழைப்பழ நத்தை என்றே பெயர். குழந்தை அதைத் தாண்டாமல், அது வழியைக் கடந்து முடிக்கும் வரையில் காத்துக்கொண்டு நின்றாள். கால் மணி நேரம் ஆயிற்று. காட்டில் நடப்பதற்கு ஏற்ற வேகம் அதுவே என்று பிறகு நமக்குத் தோன்றியது.

ஒரு மைல் நடந்ததும் பாதை ஒரு பெரிய மரத்தின் அடியில் முடிந்தது. ஸிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஜாதி. உயரம் 185 அடிக்கு மேல். வயது ஐந்நூற்றைம்பதுக்குக் குறையாதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் 1509இல் கிருஷ்ணதேவராயர் விஜயநகரத்துச் சிங்காதனம் ஏறியபோது இந்த மரத்துக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். அடிமரத்தின் வேர்களுக்கு நடுவே குகை போல ஒரு வெற்றிடம். குழந்தை குனிந்து அதற்குள் நுழைந்து மறுபக்கம் வந்தாள்.

அந்தக் குகையில்தான் காட்டின் ரகசியம் இருக்கிறது. இங்கே தரையெல்லாம் பெரணியும் பாசியும் அடர்ந்திருப்பதால், மண்ணில் விழும் விதைக்கு வெளிச்சம் எட்டுவது கடினம். விழுந்து கிடக்கும் ஒரு பெரிய மரத்தின் முதுகில் விழும் விதை பிழைத்துக்கொள்கிறது. செத்த மரம் பஞ்சுபோல் ஊறி, ஈரமும் உணவும் கொடுத்துக் குஞ்சு மரத்தை வளர்க்கிறது. குஞ்சு மரத்தின் வேர்கள் அதைக் கட்டியணைத்துக்கொண்டு இறங்கித் தரையைப் பிடிக்கின்றன. பல நூறு வருஷங்களில் தாங்கிய கட்டை மக்கி மறைந்துவிடுகிறது. அது இருந்த இடம் மட்டும் வேர்களின் நடுவே வெற்றிடமாக நிற்கிறது. இவ்விதம் தாங்கும் கட்டைக்கு அங்கே தாதிக் கட்டை என்று பொருள்படும் பெயர். ஆகவே, காட்டில் விழுந்த மரத்தை வீண் என்று அப்புறப்படுத்துவதில்லை.

இந்த ஸ்ப்ரூஸ் மரத்துக்கு ஒரு சமயம் பெரிய ஆபத்து வந்தது. முதல் உலக யுத்தத்தின்போது ஆகாய விமானங்களை மரத்தால் செய்தார்கள். லேசாகவும் உறுதியாகவும் உள்ள ஸிட்கா ஸ்ப்ரூஸுக்கு ஈடான மரம் வேறில்லை. 1917, 1918ஆம் ஆண்டுகளில் ராணுவமே ஒரு தனிப் படைப்பிரிவை அமைத்து இந்தக் கரையோரக் காடுகளில் மரம் வெட்டியது. அதற்குத் தப்பியவை இன்று நமக்கு நிழல் தருகின்றன.

நிழல் மட்டும் அல்ல. 'மார்பிள்டு முர்ரெலெட்' என்று ஒரு சிறு கடற்பறவை இருக்கிறது. புறாவைவிடச் சிறியது. பகலெல்லாம் சமுத்திரத்தில் முழுகி மீன் பிடிக்கும். அது எங்கே கூடு கட்டுகிறதென்பது பறவை நிபுணர்களுக்கு வெகுகாலம் விளங்கவில்லை. 1974இல் கலிபோர்னியாவில் மரம் ஏறிய ஒருவர், தரையிலிருந்து வெகு உயரத்தில், பாசி படர்ந்த ஒரு பெரிய கிளையில் அதன் குஞ்சைக் கண்டார். கடற்பறவை பல மைல் உள்நாட்டில் கிழ மரங்களைத் தேடி வந்து முட்டையிடுகிறது! கடல் வேறு, காடு வேறு என்று நாம் நினைக்கிறோம். அந்தப் பறவைக்கு இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள். கிழ மரங்கள் போனால் அதற்கு வீடு இல்லை.

ஐந்து டாலரும் இருபத்தைந்து டாலரும்

மாலையில் மலைமுனையின் உச்சிக்கு ஏறினோம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 800 அடி. நண்பரின் மனைவியும் மூதாட்டியாரும் வண்டியில் வந்து சேர்ந்தார்கள். உச்சிக்கு அருகே வரை வண்டிப்பாதை உண்டு. மேலே கருங்கல்லால் கட்டிய ஒரு சிறு மண்டபம். நம் ஊர் மலைப்பாதையில் சுமைதாங்கிக்கு அருகே இருக்கும் மண்டபங்களை நினைப்பூட்டிற்று. வடக்கிலும் தெற்கிலும் மலைமுனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் மங்கி மறைகின்றன. நாம் இருந்தபோதே தூரத்தில் நீர்த்தூவி இரண்டு முறை எழுந்தது. சாம்பல் திமிங்கிலம்! இவை மெக்ஸிகோவின் கடற்கழிகளில் குட்டி போட்டு, வட துருவக் கடலுக்கு மேய்ச்சலுக்குப் போகின்றன. சில நூறு மட்டும் வடக்கே போகாமல் கோடையில் இந்தக் கரைப் பகுதிகளிலேயே மேய்கின்றன. 2016இல் சுமார் 27,000 என்று மதிப்பிட்ட அவற்றின் தொகை, 2025ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 13,000 ஆகக் குறைந்துவிட்டது என்பது கவலைக்குரிய செய்தி.

மண்டபத்தைக் கட்டியவர்கள் கொத்தனார்கள் அல்லர், வேலையில்லாத வாலிபர்கள். 1930களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் ஏற்பட்டது. 1933இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், வேலையற்ற இளைஞர்களைத் திரட்டிக் காடுகளிலும் பூங்காக்களிலும் வேலை கொடுக்க ஒரு படை அமைத்தார். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். பையனுடைய கைச் செலவுக்கு ஐந்து டாலர். அந்தப் படை 1942 வரை வேலை செய்தது. நாம் ஏறி வந்த நடைபாதையில் பல பகுதிகளும், கீழேயுள்ள முகாமும் அவர்கள் கைவேலை. வீட்டில் பட்டினியைத் தவிர்க்க வந்த ஒரு பையன் சுமந்து வைத்த கல்லின்மேல், ஏறக்குறைய தொண்ணூறு வருஷங்களுக்குப் பிறகு, திருநெல்வேலி மூதாட்டியார் ஒருவர் இளைப்பாறிக்கொண்டிருந்தார்.

பாறைக் குட்டைகள்

மறுநாள் நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துக் கரைப் பாறைகளில் இறங்கினோம். அலை வாங்கிப் போகும்போது பாறைப் பள்ளங்களில் தங்கும் குட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு பொருட்காட்சி. பச்சை நிறத்தில் பூப்போல் விரியும் கடற்சாமந்தி, ஊதா முள் மூடிய உருண்டைகள், கொத்துக் கொத்தாகக் கறுப்பு மட்டி, செம்மஞ்சளும் ஊதாவுமாக நட்சத்திர மீன்கள். 2013இல் தொடங்கிய ஒரு கொள்ளை நோயில் நட்சத்திர மீன்கள் ஏராளமாக மடிந்தன; இவை அதன் பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தவை. எதையும் பிடுங்கலாகாது, மிதிக்கலாகாது, கல்லைப் புரட்டினால் திரும்ப வைத்துவிட வேண்டும் என்பது விதி.

வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தச் சமுத்திரத்தில் இறங்கிக் குளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். கோடையிலும் தண்ணீர் எலும்பைக் குத்தும். அமைதியாக இருக்கும்போதே திடீரென்று ஓர் அலை வெகுதூரம் ஏறி வந்து ஆளை வாரிக்கொண்டு போகும். கரையில் ஒதுங்கிய பெரிய மரக்கட்டைகளின்மேல் குழந்தைகளை ஏற விடலாகாது. ஓரடித் தண்ணீர் வந்தாலும் கட்டை உருண்டு நசுக்கிவிடும். 'சமுத்திரத்துக்கு முதுகு காட்டாதே' என்பது அங்கே குழந்தைகளுக்குச் சொல்லும் முதல் பாடம்.

வழி நெடுக நீல நிறப் பலகைகளில், சுனாமி வந்தால் எப்பக்கம் ஓட வேண்டும் என்று காட்டியிருக்கிறார்கள். 1700ஆம் ஆண்டு ஜனவரி 26ந் தேதி இந்தக் கரையில் பெரும் பூகம்பம் நேர்ந்தது. அப்போது எழுந்த அலை பசிபிக்கைக் கடந்து ஜப்பானில் புகுந்தது; அந்நாட்டு ஏடுகளிலிருந்துதான் தேதியே தெரிய வந்தது. 2004 டிசம்பர் 26ஐ மறக்க முடியாத தமிழ்நாட்டுக் கரையார்க்கு இந்தப் பலகைகளின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

கால் நடந்த வழி

முகாமுக்கும் யாஹாட்ஸ் ஊருக்கும் இடையே காட்டினூடே ஒரு நடைபாதை இருக்கிறது. அதற்கு 'அமாண்டா பாதை' என்று பெயர். கடைசி நாள் அதில் சிறிது தூரம் நடந்தோம். அழகான பாதை. பெயருக்குரிய கதை அழகானதன்று.

இந்தக் கரையில் கூஸ், கீழ் அம்ப்குவா, சையூஸ்லா, ஆல்சி முதலிய ஆதிக்குடிகள் எண்ணற்ற தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். நாம் பார்த்த மட்டிப் பாறைகள்தாம் அவர்களுடைய களஞ்சியம். வெள்ளையர் குடியேறியதும், அவர்களைத் தங்கள் ஊர்களிலிருந்து கிளப்பி, யாஹாட்ஸில் சர்க்கார் அமைத்திருந்த ஓர் இடத்தில் கொண்டு வந்து அடைத்தார்கள். தப்பி ஓடியவர்களைச் சிப்பாய்கள் தேடிப் பிடித்து நடத்தி வந்தார்கள். 1864ஆம் ஆண்டு அவ்விதம் பிடிபட்டவர்களில் அமாண்டா என்ற கூஸ் குலத்து மாதும் ஒருத்தி. வயதானவள், இரண்டு கண்ணும் தெரியாது. அவளை எட்டு வயதுப் பெண் ஜூலியாவிடமிருந்து பிரித்து, கூரிய கரைப் பாறைகளின்மேல் நடத்தினார்கள். அவள் கால் கிழிந்து, வழி நெடுக ரத்தத் தடம் பதிந்ததை, கூட வந்த சிப்பாயே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். யாஹாட்ஸில் அடைபட்டவர்களில் பெருந்தொகையினர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். 1875இல் அந்த இடத்தையும் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள்.

நண்பர் இதைச் சொல்லி முடித்தபோது ஒருவரும் பேசவில்லை. மூதாட்டியார் பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டார். முகாமுக்குத் திரும்பும் வரையில் அந்தக் கையை அவர் விடவில்லை.

முதல் நாள் கானன் பீச்சில், இந்த மணல் எல்லோருக்கும் பொது என்று கேட்டு நாம் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் 'நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு அனுபவித்த பாத்தியதை' என்று ஒன்று உண்டானால், அதை முதலில் கோரத் தகுந்தவர்கள் யார் என்பதையும் அமாண்டா பாதை கேட்கிறது. அந்தக் குடிகள் அழிந்துவிடவில்லை. 1954இல் கூஸ், கீழ் அம்ப்குவா, சையூஸ்லா மக்களைத் தனிக் குலத்தார் என்று அங்கீகரிப்பதையே சர்க்கார் நிறுத்திச் சட்டம் செய்தது. அவர்கள் முப்பது வருஷம் விடாமல் போராடி, 1984இல் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றார்கள். வெகுகாலம் அந்நியர் ஆட்சியில் இருந்த தேசத்தாராகிய நமக்கு, இது பிற நாட்டுக் கதையாக மட்டும் தோன்றவில்லை.

விறகு

புறப்படும் காலையில் முகாமைச் சுத்தம் செய்தோம். வண்டியில் சேர்ந்த கழிவு நீரைத் தரையில் கொட்டலாகாது. அதற்கென்று கட்டிய தொட்டியில்தான் விட வேண்டும். நெருப்பு அணைந்ததா என்று தண்ணீர் தெளித்துக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். விறகை அந்தப் பக்கத்திலேயே வாங்க வேண்டும். வேறு ஊர் விறகோடு வேறு ஊர்ப் பூச்சியும் வந்து காட்டைக் கெடுத்துவிடும்.

நாம் வாங்கிய விறகில் நான்கு கட்டை மிஞ்சியிருந்தது. முகாமை மேற்பார்வை செய்யும் வயதான தம்பதிகள் அப்பக்கம் வந்தார்கள். இவர்களைப் போன்றவர்கள் அநேகர் அங்கே உண்டு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள், முகாமைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு வழி சொல்லி, அதற்குப் பதிலாகத் தங்கள் வண்டியை வாடகையின்றி நிறுத்திக்கொண்டு வாழ்கிறார்கள். மிஞ்சிய விறகை என்ன செய்வதென்று நண்பர் கேட்டார்.

"நெருப்பு வளையத்துக்கு அருகே வைத்துவிட்டுப் போங்கள். இன்று மாலை யாராவது வருவார்கள். மழை வரும் போலிருக்கிறது, அவர்களுக்கு உதவும்" என்றார் அந்த அம்மாள்.

வாங்கிய பொருளை முகம் தெரியாதவருக்கு விட்டுப் போவது சிக்கனமா என்று சிலர் கேட்கலாம். இந்தப் பிரயாணத்தில் நாம் காசு கொடுத்தது மிகவும் குறைவு. ஆனால் நமக்காக வேறு பலர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கவர்னர் ஒரு சட்டம் கொடுத்தார். ஐந்து டாலர் கைச் செலவுக்கு வாலிபர்கள் கல் சுமந்தார்கள். விழுந்த மரம் தன் முதுகைக் கொடுத்தது. விருப்பமில்லாமல் தங்கள் ஊரையே இழந்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய கடன் விறகால் தீராது. பொதுச் சொத்து என்பது விலையில்லாத சொத்து அன்று. விலையை முன்னால் வந்தவர்கள் செலுத்திவிட்டபடியால், பின்னால் வருகிறவர்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது.

நான்கு கட்டையையும் மழை நனையாதபடி மேஜைக்கு அடியில் அடுக்கி வைத்துவிட்டு வண்டி ஏறினோம்.